பதினைந்து நிமிடம் எங்கே போகிறது? கடலூர், புதுச்சேரி மாணவர்களின் காலைப் பேருந்துக் கணக்கு

காலை எட்டரை மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்துக்குள் நுழையும் ஒரு டவுன் பஸ்ஸிலிருந்து அறுபது, எழுபது பிள்ளைகள் இறங்கி ஓடுகிறார்கள். பார்ப்பவர்கள் "டிரைவர் உருட்டிக்கிட்டே வந்துட்டார்" என்பார்கள், அல்லது "ரோட்டுல கூட்டம்" என்பார்கள். இரண்டும் பாதிக் காரணம்தான். அந்த வண்டியின் தாமதம், பிள்ளைகள் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, அவர்கள் கண்ணில் படாத வேறொரு நடையில் தொடங்கியிருக்கும்.

அதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். கடலூரிலிருந்து 18, 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கிராமம். இரவு அங்கேயே தங்கும் ஹால்ட் பஸ் காலை 5.30க்கு முதல் நடை எடுக்கிறது, 6.20க்குக் கடலூர். 6.30க்குத் திரும்பப் புறப்பட்டு 7.20க்குக் கிராமம். 7.25க்கு எடுக்கும் மூன்றாவது நடைதான் பள்ளிக்கூட நடை, 8.20க்குக் கடலூர் வர வேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது.

முதல் நடையில் சந்தைக்குப் போகும் பூக்கூடையும் கத்தரிக்காய் மூட்டையும் ஏறுகின்றன. ஆறு நிமிடம் தாமதமாக 6.26க்கு வண்டி கடலூர் வருகிறது. ஓட்டுநரும் கண்டக்டரும் கழிவறை போய், ஒரு டீ குடித்து, டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்க எப்படியும் ஆறு நிமிடம் வேண்டும். பத்து நிமிட ஓய்வில் நான்கு நிமிடத்தைத்தான் மிச்சம் பிடிக்க முடியும். ஆக 6.32க்குப் புறப்பாடு. வழியில் ரயில்வே கேட் எட்டு நிமிடம். கிராமம் வந்து சேர 7.30. அங்கே ஐந்து நிமிட நிறுத்தத்தை மூன்றாகச் சுருக்கி 7.33க்கு எடுக்கிறார்கள். இதுவரை தாமதம் எட்டு நிமிடம்தான்.

இங்கேதான் கணக்கு மோசமாகிறது. வண்டி எட்டு நிமிடம் பிந்தினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காத்திருப்போர் எண்ணிக்கையும் எட்டு நிமிட அளவுக்குக் கூடியிருக்கும். அவர்களை ஏற்ற இன்னும் நேரம் பிடிக்கும். அதனால் அடுத்த நிறுத்தத்துக்கு இன்னும் பிந்தும். அங்கே இன்னும் கூட்டம். ஒரு படிக்கட்டு வழியாக 40 பேர் ஏற, ஆளுக்கு மூன்று விநாடி என்றால் இரண்டு நிமிடம். படிக்கட்டில் ஏற்கெனவே நிற்பவர்கள் கீழே இறங்கி வழிவிட்டு மறுபடி ஏற வேண்டிய நிலை வந்துவிட்டால் ஆளுக்கு ஐந்து விநாடி. அதே 40 பேருக்கு மூன்று நிமிடம் இருபது விநாடி. ஐந்து நிறுத்தங்களில் இப்படிச் சராசரியாக ஒன்றரை நிமிடம் கூடுதலாகப் போனாலும் ஏழரை நிமிடம். 8.20க்கு வர வேண்டியது 8.35ஐத் தாண்டி வருகிறது.

பதினைந்து நிமிடம் அதோடு நிற்பதில்லை. மஞ்சக்குப்பம் பக்கம் இருக்கும் பள்ளிக்கு அந்தப் பிள்ளை இன்னொரு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். 8.30 வண்டி போய்விட்டது. அடுத்தது 8.50 என்றால் பள்ளி வாசலில் 9.05. பிரேயர் பெல் ஒன்பதுக்கு. கிராமத்தில் எட்டு நிமிடமாக இருந்தது, பேருந்து நிலையத்தில் பதினைந்தாகி, பள்ளி வாசலில் இருபது நிமிடமாகிவிட்டது. வண்டி மாறிப் போகும் மாணவருக்குத் தாமதம் படிப்படியாக ஏறாது. ஒரு வண்டியைத் தவறவிட்ட அளவுக்கு ஒரே தாவலாகத் தாவும்.

தாமதத்தை விட, தாமதம் எவ்வளவு என்று சொல்ல முடியாமல் இருப்பதுதான் பிள்ளைகளைக் கூடுதலாக வாட்டுகிறது. தினமும் சரியாகப் பதினைந்து நிமிடம் பிந்தி வரும் வண்டியைப் பழகிக்கொள்ளலாம். இன்று நேரத்துக்கு, நாளை இருபது நிமிடம் பிந்தி, மறுநாள் வரவே வராது என்றால், பிள்ளை முந்தைய வண்டிக்குப் போயாக வேண்டும். 7.25க்குப் பதில், அந்த வழியே 6.30க்கு வரும் வேறொரு வண்டி. ஐம்பத்தைந்து நிமிடம். ஆண்டுக்கு 220 பள்ளி நாள் என்று வைத்தால் 12,100 நிமிடம், அதாவது 200 மணி நேரத்துக்கு மேல். எந்த வருகைப் பதிவேட்டிலும் இது ஏறாது. அந்தப் பிள்ளை "லேட்" ஆவதே இல்லை. பூட்டிய பள்ளி வாசலில் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கும், காலை உணவைத் தவிர்த்துவிட்டு. தாமதத்தின் பெரும்பகுதிச் செலவை இப்படிச் சத்தமில்லாமல் கட்டுகிறவர்கள் இவர்கள்தான்.

இடைவெளி ஒழுங்காக இல்லாதபோது காத்திருப்பு எப்படிக் கூடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கு நான்கு பஸ், சரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால், எந்த நேரத்தில் நிறுத்தத்துக்கு வந்தாலும் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம். அதே நான்கு பஸ், 5 நிமிடம், 25 நிமிடம், 5 நிமிடம், 25 நிமிடம் என்று வந்தால் சராசரி கிட்டத்தட்ட 11 நிமிடம். எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் பெரும்பாலானோர் அந்த நீண்ட இடைவெளிகளில்தான் வந்து சேர்கிறார்கள், அதனால் முதலில் வரும் வண்டி பிதுங்குகிறது, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வண்டி காலியாகப் போகிறது. இரண்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்து எரிச்சலடைகிறோமே, அது யாரோ வேண்டுமென்று செய்வதல்ல. முன்வண்டி ஏற்றிக்கொண்டே பிந்துகிறது, பின்வண்டிக்கு ஆளே இல்லாததால் முந்துகிறது.

சாலையில் பஸ் நிறைய ஓடுகிறதே என்று கேட்பார்கள். கடலூர்–பண்ருட்டி சாலையிலோ கடலூர்–புதுச்சேரி சாலையிலோ நின்றால் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி கடந்து போவது உண்மை. அதில் எத்தனை வண்டி அந்த நிறுத்தத்தில் நிற்கும், எத்தனை வண்டியில் பாஸ் செல்லும் என்று கழித்துப் பாருங்கள். விரைவு வண்டி நிற்காது. பாயின்ட் டு பாயின்ட் நிற்கவே நிற்காது. தனியார் வண்டிக்குக் காசு வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தத் திட்டத்தால் எத்தனையோ வீடுகளில் மகளைப் படிக்க அனுப்பும் துணிவு வந்தது. அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் வேலைக்குப் போகும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் காலை 7.30 முதல் 8.45க்குள் தேடுவது அந்த ஒரே வகை வண்டியைத்தான். பத்து வண்டி ஓடும் சாலையில், கையில் காசில்லாத பிள்ளைக்கு மணிக்கு ஒரு வண்டி அல்லது இரண்டு வண்டிதான் ஓடுகிறது. தாமதத்தை அளக்கும்போது அந்த ஒன்றிரண்டைத்தான் அளக்க வேண்டும்.

வண்டி ஏன் நிற்காமல் போகிறது? கசப்பான பொருள் இது. ஒரு பக்கமாகப் பேசிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் மாணவர் பாஸுக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. ஆனால் கண்டக்டர் கையில் அன்றைக்கு வந்த வசூலைப் பொறுத்த பேட்டா என்று ஒன்று இருக்கிறது. பாஸ் பிள்ளைகளால் நிறைந்த நடை வசூலில் காட்டாது. அதோடு, வண்டி ஏற்கெனவே தாமதம் என்றால் ஒரு நிறுத்தத்தைத் தாண்டினால் ஒன்றரை நிமிடம் மிச்சம் என்ற எண்ணமும் சேர்கிறது. படியில் தொங்கும் பிள்ளை விழுந்தால் வழக்கு ஓட்டுநர், கண்டக்டர் தலையில் விடியும்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு படிக்கட்டுப் பயணத்தைத் தடை செய்கிறது, அப்படி ஏற்றிச் செல்வதையும் தடை செய்கிறது. எனவே நிரம்பிய வண்டி நிறுத்தத்துக்கு நூறு அடி தள்ளிப் போய் நிற்கும், இறங்குகிறவர் இறங்குவார், பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓடிப் போவதற்குள் எடுத்துவிடும். இதில் அதிகம் இழப்பவர்கள் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும், கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறத் தயங்கும் பெண் பிள்ளைகளும்தான். ஒரே நிறுத்தத்தில் ஒரே நேரத்துக்கு வந்த அண்ணன் பள்ளிக்குப் போய்விடுவான், தங்கை நின்றுவிடுவாள்.

அதே வண்டி சில இடங்களில் காரணமில்லாமல் ஓரம் கட்டி நிற்பதும் உண்டு. ஸ்டேஜ் (கட்டணம் மாறும் இடம்) மாறுவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டும். நெரிசலில் கண்டக்டரால் பின்பக்கம் போக முடியாது. கட்டணமில்லாத பெண்களுக்கும் சீட்டு கொடுத்தாக வேண்டும். முடிக்கும்வரை வண்டி நிற்கும். இரண்டு, மூன்று நிமிடம் இப்படிக் கரையும்.

கடலூருக்கே உரிய இடைஞ்சல்கள் சில உண்டு. கெடிலம் ஆறு ஊரை இரண்டாக வெட்டுகிறது. மஞ்சக்குப்பம் ஒரு கரை, திருப்பாதிரிப்புலியூர் மறு கரை. பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம். மஞ்சக்குப்பம் கரையில் படிக்கும் பிள்ளைகள் அனைவரும் ஆற்றுப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றால் அன்றைக்கு ஊரே பிந்தும். லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நின்றாலும் அப்படித்தான். நெல்லிக்குப்பம் சாலையில் அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள். இரட்டை டிரெய்லர் கட்டி, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் சாலை நடுவில் போகும் டிராக்டரை எதிர்வண்டி இருக்கும்போது பஸ் முந்த முடியாது. டைம் டேபிளில் கரும்புப் பருவம் என்று ஒரு பத்தி கிடையாது.

அடுத்தது ரயில்வே கேட். விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிர் ரயில்கள் ஏதோ ஒரு நிலையத்தில்தான் விலக முடியும். ஒன்று பிந்தினால் மற்றது நிற்கும். அதனால் கேட் எப்போது மூடும் என்பதும் நாளுக்கு நாள் மாறும். திறந்த பிறகும் உடனே நகர முடியாது. இரண்டு பக்கமும் இரு சக்கர வண்டிகள் சாலை முழுவதையும் அடைத்து நேருக்கு நேர் நிற்பதால், பஸ் புகுந்து வெளியே வர இன்னும் ஐந்து நிமிடம். இடப்பக்கம் மட்டும் வரிசையாக நின்றால் இந்த ஐந்து நிமிடம் அப்படியே மிச்சம்.

இந்தக் கேட்டைப் பற்றி எழுதும்போது செம்மங்குப்பத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. 2025 ஜூலை 8 காலை, அங்குள்ள ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கேட் அப்போது ரயில் சிக்னலோடு இணைக்கப்படாத வகை. இணைக்கப்பட்ட கேட்டில், கேட் பூட்டப்பட்டால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். இணைக்கப்படாத கேட்டில் நிலைய அதிகாரியும் கேட் கீப்பரும் தொலைபேசியில் எண் பரிமாறி உறுதி செய்துகொள்கிறார்கள். மனிதத் தவறுக்கு அங்கே இடம் இருக்கிறது. சிக்னலோடு இணைத்த கேட் சற்று முன்னதாகவே மூடும், கூடுதல் நேரம் மூடியிருக்கும். அந்தக் கூடுதல் நிமிடங்களை நாம் மனமாரக் கொடுக்க வேண்டும். கேட் கீப்பரிடம் "ஸ்கூலுக்கு லேட்டாவுது, திறங்க" என்று எந்தப் பெரியவரும், எந்த ஓட்டுநரும் கேட்கவே கூடாது. மாற வேண்டியது டைம் டேபிள். கேட்டுள்ள தடத்தில் அந்தப் பத்து நிமிடத்தை ஓட்ட நேரத்தில் சேர்த்தே போட வேண்டும்.

ஓட்ட நேரம் ஏன் திருத்தப்படுவதில்லை? சாலையில் வண்டிகள் குறைவாக இருந்த காலத்தில் 20 கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் என்று போட்டிருப்பார்கள். இன்று வேகத்தடைகள், ஆக்கிரமிப்பு, வழிநெடுக நடந்த நான்குவழிச் சாலைப் பணிகள் எல்லாம் சேர்ந்து அறுபது நிமிடம் ஆகிறது. நேரத்தை உண்மைக்கு ஏற்ப நீட்டினால், ஒரு வண்டி ஒரு நாளில் ஓட வேண்டிய கிலோமீட்டர் குறையும். ஒரு நடை வெட்டுப்படும். ஓட்டுநரின் பணி நேரக் கணக்கு மாறும். அதனால் பழைய நேரமே காகிதத்தில் தொடர்கிறது. எல்லாரும் தெரிந்தே பிந்துகிறார்கள்.

புதுச்சேரியின் சிக்கல் வேறு மாதிரி. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இருக்காது. கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களுக்கு நடுவே தீவுகளாகச் சிதறிக் கிடக்கும். வில்லியனூரிலிருந்து திருபுவனை போகும் வழியில் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. ஒரு மாநில பெர்மிட்டில் ஓடும் வண்டி மற்ற மாநில எல்லைக்குள் ஆள் ஏற்றி இறக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி மேலொப்பம், அதாவது அந்த மாநில அதிகாரியின் ஒப்புதல் கையெழுத்து, வேண்டும். இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எத்தனை வண்டி, எத்தனை நடை என்று இருக்கும். பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு போன்ற கொம்யூன்களில் (புதுச்சேரியின் கிராமப்புற உள்ளாட்சிப் பகுதிகளில்) ஒரு பள்ளிக்கூட நடையைப் புதிதாகச் சேர்ப்பது, ஒரே மாவட்டத்துக்குள் சேர்ப்பதுபோல எளிதாக நடக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நகரப் பேருந்து அங்கே பெரும்பாலும் தனியார் கையில். தனியார் வண்டியின் நாள் வருமானம் அன்றைக்கு ஏறும் ஆட்களில் இருக்கிறது. ஆகவே நிறுத்தத்தில் ஆள் சேரும்வரை நிற்கும். பின்னால் அடுத்த வண்டி தலையைக் காட்டியதும் பறக்கும். மாணவருக்கு இது இரண்டு விதத்தில் கெடுதல்: ஏறி உட்கார்ந்த பிறகும் புறப்படாது, புறப்பட்டால் அடுத்த நிறுத்தத்தில் சரியாக நிற்காது. அரியாங்குப்பம், தவளக்குப்பம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முருங்கப்பாக்கம், மரப்பாலம், பிறகு கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலை அருகே ரயில்வே கேட். விழுப்புரம் சாலையில் வருகிறவர்களுக்கு இந்திரா காந்தி சதுக்கம். லாஸ்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு ராஜீவ் காந்தி சதுக்கமும் சேரும். இந்தச் சந்திப்புகளில் எட்டேகாலுக்கு வரும் வண்டியும் எட்டு நாற்பதுக்கு வரும் வண்டியும் ஒரே தூரத்தை ஒரே நேரத்தில் கடப்பதில்லை. பத்து நிமிடம் முந்திப் புறப்பட்டால் இருபது நிமிடம் முந்திச் சேரலாம் என்பது இங்கே மிகையில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று புதுச்சேரியில் ஓடும் மாணவர் சிறப்புப் பேருந்து, 'ஒரு ரூபாய் பஸ்' என்று பெயர் பெற்றது, நல்ல ஏற்பாடு. அதன் பலவீனமும் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. வழக்கமான தடத்தில் ஒரு வண்டி கெட்டால் அரை மணியில் இன்னொன்று வரும். சிறப்புப் பேருந்து கெட்டால் அடுத்து என்று ஒன்றில்லை. வண்டி வரவில்லை என்பது எட்டேகாலுக்குத்தான் தெரியும். அதற்குள் மற்ற பஸ்ஸும் போயிருக்கும். மாற்று வண்டி எந்தப் பணிமனையிலிருந்து, எத்தனை நிமிடத்தில் வரும் என்பதைச் சிறப்புப் பேருந்து ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

நடை ரத்தாவதையும் தாமதம் என்ற சொல்லுக்குள் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாளுக்கு நான்கே நடை உள்ள ஊரில் ஒரு நடை ரத்து என்றால் இரண்டு, மூன்று மணி நேர இழப்பு, அதாவது அன்றைய பள்ளியே போயிற்று. வண்டி பழுது, ஓட்டுநர் பற்றாக்குறை இவற்றோடு சிறப்புப் பேருந்து நாட்களும் சேரும். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக்குச் சிறப்பு வண்டி விடுகிறது. தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினமும் வைத்திக்குப்பமும். மாலையில் கிளம்பும் கூட்டத்துக்காக எடுத்த வண்டியும் ஆளும் மறுநாள் காலை முதல் நடைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். நாள்காட்டியில் பௌர்ணமிக்கு அடுத்த நாள் பள்ளி நாளாக இருந்தால், பேருந்தை நம்பியிருக்கும் வீடுகள் அதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னொரு கொடுமை. மழை விடுமுறை பல நாட்களில் காலை ஆறு, ஏழு மணிக்குத்தான் அறிவிக்கப்படுகிறது. நகரத்துப் பிள்ளைக்கு அது போர்வையை மறுபடி இழுத்துக்கொள்ளும் நேரம். 6.30 வண்டிக்குப் போகிற கிராமத்துப் பிள்ளை அதற்குள் நனைந்தபடி பஸ்ஸில் ஏறியிருக்கும். திரும்பிப் போக வண்டி ஒன்பது மணிக்கு. எல்லைப் பகுதியில் இதிலும் ஒரு சிக்கல்: விடுமுறையைக் கடலூரில் ஆட்சியர் அறிவிக்கிறார், புதுச்சேரியில் அங்குள்ள அரசு அறிவிக்கிறது. கடலூர் மாவட்ட எல்லையில் இருக்கும் ரெட்டிச்சாவடியிலிருந்து புதுச்சேரிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வீட்டுப் பக்கம் விடுமுறை, பள்ளிப் பக்கம் வேலை நாள் என்று ஆகிவிடும். விடுமுறையை முந்தின இரவு எட்டு மணிக்குள் அறிவிப்பதும், இரு பக்கமும் பேசி முடிவு செய்வதும் ஒரு ரூபாய் செலவில்லாத சீர்திருத்தம்.

வெள்ளம் வந்தால் வேறு கணக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தால் கடலூர்–புதுச்சேரிப் போக்குவரத்தே துண்டிக்கப்பட்டது. பள்ளிகளை மறுபடி திறக்கும் நாளைத் தீர்மானிக்கிறவர்கள் பள்ளிக் கட்டடத்தில் தண்ணீர் வடிந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளைகள் வரும் தடத்தில் முதல் நடை ஓடத் தொடங்கிவிட்டதா என்று பணிமனையில் கேட்க வேண்டும்.

பொதுத்தேர்வு நாளில் தாமதத்தின் பொருளே மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் தேர்வு 10 மணிக்கு. முதல் பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15க்கு எழுதத் தொடக்கம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. சி.பி.எஸ்.இ. தேர்வு 10.30க்கு என்றாலும், 10 மணிக்கு மேல் மையத்துக்குள் விடுவதில்லை. அரை மணி இருக்கிறது என்று பழைய நினைப்பில் இருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். தேர்வு மையம் பெரும்பாலும் சொந்தப் பள்ளி அல்ல. பழகாத தடம், பழகாத நிறுத்தம். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, அதே கிழமையில், அதே வண்டியில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, தேர்வன்று அதற்கு முந்தைய நடையில் போவதுதான் பாதுகாப்பு. தலைமை ஆசிரியர்கள் தம் பங்குக்கு, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எந்த மையத்துக்குப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பணிமனை மேலாளருக்கு முன்கூட்டியே அனுப்பலாம். எண்ணிக்கை கையில் இருந்தால் அவர்களால் ஏற்பாடு செய்ய முடியும்.

பள்ளிக்குள் செய்யக்கூடியதும் இருக்கிறது. எந்தெந்தப் பிள்ளை எந்த வண்டியில் வருகிறது என்று ஜூன் மாதமே வகுப்பாசிரியர் ஒரு பட்டியல் போட்டுவிட்டால், ஒருவன் பிந்தினால் அவன் தவறு, ஒரே தடத்திலிருந்து ஒன்பது பேர் பிந்தினால் வண்டியின் தவறு என்பது சொல்லாமலே தெரியும். வண்டி பிந்தியதற்காகப் பிள்ளையை வாசலில் நிறுத்துவது எந்த வகையிலும் நியாயமில்லை. கணக்கு, இயற்பியல் பாடங்கள் தினமும் முதல் பாடவேளையிலேயே விழுந்தால், பேருந்துப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் அதே பாடத்தின் தொடக்கத்தை இழப்பார்கள். கால அட்டவணையில் முதல் பாடவேளையைச் சுழற்றிப் போடலாம். காலை எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸ் வைக்குமுன், அந்த நேரத்துக்கு வந்து சேரும் வண்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் இது இன்னும் முக்கியம். ஐந்தரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் ஆறு மணி வண்டி. அது வராவிட்டால் ஏழரை. மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டு. நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய பெண் பிள்ளையை, பல வீடுகளில் அதற்காகவே ஸ்பெஷல் கிளாஸுக்கு அனுப்புவதில்லை.

ரயில் வசதி உள்ள ஊர்களில் அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே, மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையும் மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட்டை ரயில்வே இலவசமாகத் தருகிறது. பள்ளியில் சான்று வாங்கி நிலையத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும் அரசு மிதிவண்டியும் உதவும். கிராமத்துக்குள் வரும் அபூர்வமான வண்டியை நம்பாமல், மூன்று நான்கு கிலோமீட்டர் மிதித்து முக்கியச் சாலைக்கு வந்தால் வண்டிகள் கூடுதல். அந்த நிறுத்தத்தில் சைக்கிளைப் பூட்டி வைக்க நிழலுள்ள, பார்வையில் உள்ள ஓர் இடம் வேண்டும். ஊராட்சி செய்து தரக்கூடிய வேலை இது.

கோரிக்கை வைக்கும் முறையில்தான் பெரும்பாலான ஊர்கள் தோற்றுப் போகின்றன. "கூடுதல் பேருந்து வேண்டும்" என்று எழுதினால் "வண்டி இல்லை, ஆள் இல்லை" என்று பதில் தயாராக இருக்கும். புது வண்டி கேட்காமல், இருக்கும் நடையைச் சரிசெய்யக் கேளுங்கள். "7.25 நடையை 7.10க்கு மாற்றுங்கள்." "இந்த டவுன் பஸ்ஸை இரண்டு கிலோமீட்டர் நீட்டுங்கள்." "முந்தைய நடையில் கேட் தாமதத்துக்குப் பத்து நிமிடம் சேருங்கள்." "காலை 7.30 முதல் 8.45 வரை இந்தத் தட ஸ்பேர் பஸ்ஸை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்." இவை பணிமனை அளவிலோ கோட்ட அளவிலோ முடியக்கூடியவை.

கோரிக்கைக்குப் பின்னால் ஆதாரம் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தட எண், வண்டிப் பதிவு எண், வர வேண்டிய நேரம், வந்த நேரம், நின்றதா இல்லையா, ஏற முடியாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர். முதல் நிறுத்தத்து டீக்கடைக்காரரோ நிறுத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரரோ நான்கு வாரம் எழுதினால் இருபது நாள் கணக்குக் கிடைக்கும். இருபதில் பதின்மூன்று நாள் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதம், மூன்று நாள் நிற்கவில்லை என்று சொல்லும் தாளை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது. அதிலேயே காரணமும் தெரியும்: திங்கள்கிழமை மட்டும் பிந்துகிறதா, தினமும் ஒரே அளவு பிந்துகிறதா, எப்போதாவது பெரிதாகப் பிந்துகிறதா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். தினமும் ஒரே அளவு என்றால் ஓட்ட நேரம் தவறு. எப்போதாவது பெரிதாக என்றால் கேட் அல்லது பழுது. சில கிழமைகளில் மட்டும் என்றால் சந்தையோ ஆள் பற்றாக்குறையோ.

தமிழ்நாட்டுப் பக்கம், அந்தத் தாளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானமாக்கி, கிராம சபையிலும் பதிவு செய்து, முதலில் பணிமனை மேலாளரிடம் நேரில் கொடுங்கள். பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு. முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் பதியலாம். புதுச்சேரியில் 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. தீர்மானம் போட ஊராட்சி மன்றம் இல்லை. அங்கே பெற்றோர் கையெழுத்தோடு கல்வித் துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் தனித்தனியாகக் கொடுத்து, தொகுதி எம்.எல்.ஏ.விடம் ஒரு நகல் சேர்ப்பதுதான் நடைமுறை. எங்கே கொடுத்தாலும் மனு எண்ணும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்த பிறகும் நோட்டில் எழுதுவதை நிறுத்தாதீர்கள். நேரம் மாற்றப்பட்ட பின் அடுத்த இருபது நாளில் எத்தனை நாள் சரியாக வந்தது என்று அதே பத்திகளில் எழுதி, அதையும் அதே மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.